தொட்டிக் கள்ளி எங்கே பிறந்தது?

கள்ளிச்செடியைச் சிற்பமாகப் பார்க்கும் ரசனை நல்ல ரசனை. பூவுக்காகவும் சமையலுக்காகவும் செடி வளர்த்த வீடுகளில் இன்று உருவத்துக்காக மட்டும் ஒரு செடிக்கு இடம் கொடுக்கிறார்கள். மடிப்புகள் திருகிக்கொண்டு மேலேறும் தூண் கள்ளி, வளர்நுனி பிறழ்ந்து விசிறியாக விரிந்த கொண்டைக் கள்ளி, முள்ளே இல்லாமல் முண்டும் முடிச்சுமாக நிமிர்ந்து நிற்கும் டோட்டம் கள்ளி, கல்லோடு கல்லாகத் தரையில் பதிந்து கிடக்கும் அரியோகார்ப்பஸ் என்று ஒவ்வொன்றையும் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். அதை பிளாஸ்டிக் தொட்டியில் வைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை; சக்கரத்தில் கையால் வனைந்து சூளையில் சுட்ட, வனைந்தவரின் விரல்தடம் தெரிகிற தொட்டியைத் தேடுகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ரசனைக்குள் ஓர் எதிர்பார்ப்பு மெல்ல நுழைந்திருக்கிறது. தொட்டியில் நிற்கும் செடி முதிர்ந்து, சாம்பல் பூத்து, வெயிலில் காய்ந்து, தழும்பேறி, பாலைவனத்திலிருந்து நேற்றுத்தான் வந்ததுபோல் இருக்க வேண்டும் என்று பலர் விரும்புகிறார்கள். அப்படிப்பட்ட செடியைக் காத்திருக்காமல் பெற ஒரே வழிதான் உண்டு; பாலைவனத்திலிருந்தே அதைப் பிடுங்கி வர வேண்டும். ஆகவே அபூர்வக் கள்ளியை வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பு, இது எங்கே பிறந்தது என்று கேட்க வேண்டும். விதையிலிருந்தோ, வெட்டுத் தண்டிலிருந்தோ, ஒட்டு மூலமோ பண்ணையில் உருவானது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் அந்தச் செடியை வாங்கக் கூடாது. அதோடு, அந்தக் காட்டுத் தோற்றத்தையே அழகின் உச்சமாகக் கொண்டாடும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் இத்தாலியின் செனிகாலியா நகரில் ஒரு வீட்டைச் சோதனையிட்ட காவல்துறையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைக் கைப்பற்றினார்கள். அவற்றில் பெரும்பகுதி கோப்பியாப்போவா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் வடபகுதியில், அட்டகாமா பாலைவனத்தையும் அதை ஒட்டிய கடற்கரையையும் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வளர்வதில்லை. கைப்பற்றிய செடிகளில் சில நூறு வயதைக் கடந்தவை என்று மதிப்பிட்டார்கள். மொத்த மதிப்பு பத்து லட்சம் டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு 800-க்கும் மேற்பட்ட செடிகள் சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. கோப்பியாப்போவாவைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்பது உடனே புரியும். சாம்பலும் வெண்மையுமான உடல், அதன்மேல் கறுத்த முட்கள், உச்சியில் பஞ்சு. மழை அநேகமாக இல்லாத நிலத்தில், பசிபிக் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியின் ஈரத்தை நம்பி அது வாழ்கிறது. அந்த வெண்மை, வெயிலைத் திருப்பி அனுப்பவும் நீரிழப்பைக் குறைக்கவும் செடி தன்மேல் பூசிக்கொண்ட மெழுகு. அதன் தண்டுகள் எல்லாம் ஒரே திசையில், வடக்கு நோக்கிச் சாய்ந்து நிற்பதுண்டு. தென்கோளத்தில் சூரியன் இருக்கும் திசை அது. ஒரு சாண் உயரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீட்டில் 2013-ல் கோப்பியாப்போவா இனங்களில் 55 சதவீதம் அழியும் ஆபத்தில் இருந்தன; 2024-ல் அது 82 சதவீதம். சாலைகளும் வீடுகளும் ஒரு காரணம். சமூக ஊடகப் படங்கள் தூண்டிவிட்ட கள்ளச்சந்தை இன்னொரு காரணம்.

இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பண்ணையில் விதையிலிருந்து வளர்த்த கோப்பியாப்போவா பொதுவாகப் பச்சையாக, சீராக, கொஞ்சம் கொழுகொழுவென்று இருக்கும். பாலைவனத்தில் வளர்ந்ததுதான் சாம்பல் நிறமும் முரட்டு முள்ளும் கோணலான உடலும் கொண்டது. ஆய்வாளர்கள் திருட்டுச் செடியை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். அப்படியானால், சந்தையில் எந்த அம்சத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறார்களோ அதே அம்சம்தான் திருட்டின் சான்றும். அரியோகார்ப்பஸிலும் இதையே பார்க்கலாம். மெக்சிகோவிலும் டெக்சாஸின் தென்மேற்கிலும் வளரும் இந்தச் செடியை 'உயிருள்ள பாறை' என்று அழைக்கிறார்கள். வறட்சிக் காலத்தில் அதன் கிழங்கு வேர் சுருங்கி, செடியின் உடலை மண்ணுக்குள் இழுத்துக்கொள்கிறது. தரைமட்டத்தோடு தட்டையாகப் படுத்துக் கொதிக்கும் வெயிலிலிருந்து தப்புகிறது. நாம் வியக்கும் அந்த உருவம், குறிப்பிட்ட ஒரு சரிவில், குறிப்பிட்ட கற்களுக்கு நடுவே, ஐம்பது அறுபது கோடைகளைத் தாங்கிய உயிரின் வாழ்க்கை வரலாறு. அதைப் பெயர்த்தெடுத்து, வேரை நறுக்கி, பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பினால், தொட்டிக்கு வந்து சேர்வது அந்த வரலாற்றின் ஓடு மட்டும். பல செடிகள் புதிய ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்காமல் அழுகிப்போகின்றன. பிழைத்தவையும் ஒரு சில ஆண்டுகளில் புது இடத்துக்கேற்ற புது வளர்ச்சியைக் காட்டத் தொடங்கும். பழைய சாம்பல் உடலுக்கு மேல் பச்சைத் தலை முளைக்கும். எந்தத் தோற்றத்துக்காகத் திருடினார்களோ அது தொட்டியில் நீடிப்பதுகூட இல்லை.

செடி போனபின் அந்தச் சரிவில் நிகழும் இழப்பு இன்னும் பெரியது. கள்ளித் திருடர்கள் நாற்றுகளை எடுப்பதில்லை. முதிர்ந்து பூத்து விதை தரும் செடிகளையே எடுக்கிறார்கள். பாலைவனத்தில் விழும் ஆயிரக்கணக்கான விதைகளில் ஒன்றோ இரண்டோ, நல்ல மழை வந்த ஓர் ஆண்டில், ஒரு கல்லின் நிழலிலோ புதரின் நிழலிலோ தப்பிப் பிழைக்கும். அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை விதை கொடுத்துக்கொண்டே காத்திருப்பவை அந்த முதிய செடிகள்தான். பல கள்ளி இனங்கள் ஒரு பள்ளத்தாக்கிலோ சில மலைச்சரிவுகளிலோ மட்டுமே இருக்கின்றன. மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட அஸ்டெக்கியம் ஹிண்டோனி 1990-களின் தொடக்கத்தில் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது; சில ஆண்டுகளுக்குள் அனுமதியின்றிக் கொண்டுபோன செடிகளும் விதைகளும் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் இருந்தன. அதே மாநிலத்தில் அஸ்டெக்கியம் வால்டெசியை 2013-ல் அறிவித்தபோதும் இதே கதை நடந்தது. புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடிப்பவர் அதன் இருப்பிடத்தை வெளியிடத் தயங்கும் நிலை வந்துவிட்டது. டெக்சாஸில் அரியோகார்ப்பஸ் கடத்தல் வழக்குகளில் கைப்பற்றிய 3,500-க்கும் மேற்பட்ட செடிகளை சல் ராஸ் பல்கலைக்கழகத்தின் பசுமைக்குடிலில் வைத்துப் பராமரிக்க வேண்டி வந்தது. 2015-ல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று 1,478 கள்ளி இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 31 சதவீதம் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. அந்த 31 சதவீதத்திலும் பாதிக்குச் சற்றே குறைவானவற்றுக்கு, அலங்காரத்துக்காகச் செடியையும் விதையையும் கள்ளத்தனமாக எடுப்பது ஒரு நேரடிக் காரணம். உணவுக்காக இல்லை, மருந்துக்காகவும் பெரும்பாலும் இல்லை, அழகு பார்ப்பதற்காக. அழகைப் பற்றிப் பேசாமல் இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

திருட்டுச் செடியை விட்டுவிட்டால் வீட்டில் வைக்கச் சிற்பம் போன்ற கள்ளி கிடைக்காது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. உண்மையில் மிக விசித்திரமான உருவங்கள் பலவும் பண்ணையில் பெருக்கப்பட்டவையே. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் தோன்றிய டோட்டம் கள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பான உருவத்திலிருந்து பிறழ்ந்த வடிவம் அது. மடிப்புகளும் முட்களும் மறைந்து, தண்டு முழுவதும் வழவழப்பான புடைப்புகளாகிவிட்டது. பூப்பதே அரிது என்பதால் தண்டை வெட்டி நட்டுத்தான் அதைப் பெருக்குகிறார்கள். உலகெங்கும் தொட்டிகளில் நிற்கும் டோட்டம் கள்ளிகள் பெரும்பாலும் இப்படி வெட்டிய தண்டிலிருந்து வெட்டிய தண்டாகக் கைமாறி வந்தவை. கொண்டைக் கள்ளிகளும் அப்படித்தான். தண்டின் நுனியில் ஒரு புள்ளியாக இருக்க வேண்டிய வளர்நுனி, ஏதோ ஒரு மாற்றத்தால் கோடாக நீண்டுவிடுகிறது. உருண்டு வளர வேண்டிய செடி அலை அலையாக மடிந்து வளர்கிறது. அதில் ஒரு துண்டை வெட்டி வேறொரு தண்டில் ஒட்டினால் மடிப்பு தொடரும். நம் நர்சரிகளில் விற்கும் சிவப்பு, மஞ்சள் தலைக் கள்ளிகள் 1940-களில் ஜப்பானில் நாற்றுகளுக்கு நடுவே தோன்றிய பச்சையமற்ற செடிகளின் வழிவந்தவை. டிராகன் பழச் செடி போன்ற பச்சைக் கள்ளியின் தண்டில் ஒட்டினால்தான் அவை உயிர் வாழும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அஸ்ட்ரோஃபைட்டம் கேப்புட்-மெடூசே. நீண்ட விரல்கள் நாலாபுறமும் நெளிந்து நீளும் உருவம், 2002-ல்தான் பெயரிடப்பட்டது. இயற்கையில் மிகச் சிறிய பரப்பில், மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் செடி. ஆனால் விதை மூலமும் ஒட்டு மூலமும் பெருக்கக் கற்றுக்கொண்டதால் இருபது ஆண்டுகளுக்குள் சாதாரண ஆர்வலரும் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டது. அதன் உறவான அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸ் காட்டில் அருகிவரும் செடி. ஜப்பானிலும் தாய்லாந்திலும் அதை விதை போட்டு, பொறுக்கியெடுத்து, மீண்டும் விதை போட்டு, வெண்புள்ளிக் கோலங்கள் காட்டுச் செடியைவிட அடர்ந்த வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். மனிதக் கையும் பொறுமையும் சேர்ந்து உண்டாக்கிய இந்த அழகை இரண்டாம் தரம் என்று ஒதுக்க என்ன நியாயம் இருக்கிறது?

கைவினைத் தொட்டியின் பங்கு இங்கேதான் வருகிறது. இளம் பண்ணைச் செடியில் முதுமை இல்லை, பாரம் இல்லை என்பது நியாயமான குறைதான். அந்த முதுமையைச் செடியிடம் கேட்காமல் தொட்டியிடம் கேட்கலாம் என்பது என் வாதம். கரடுமுரடான களிமண், மெருகிடாத பரப்பு, சூளைச் சாம்பல் படிந்து உருகிய கறை, நெருப்பு பட்ட பக்கம் கறுத்தும் படாத பக்கம் வெளிறியும் நிற்கும் நிறம், வேண்டுமென்றே விட்ட விரிசல் என்று காலத்தின் தடங்களை எல்லாம் குயவர் யாரிடமும் திருடாமல் மண்ணில் கொண்டுவர முடியும். பச்சைப் பசேலென்ற இளம் அஸ்ட்ரோஃபைட்டம் அப்படிப்பட்ட தொட்டியில் நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் 1971-ல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடம், உயர்வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் கலையை இந்த மண்ணில் வேரூன்றச் செய்தது. அங்கே பயின்றவர்கள் பலர் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் வேறு ஊர்களிலும் தனிக்கூடங்கள் நடத்துகிறார்கள். மானாமதுரையின் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கடத்தல் செடிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கைகளுக்குப் போனால், கள்ளி வளர்ப்பு ஒரு கைத்தொழிலையும் வாழவைக்கும்.

தொட்டியைத் தேர்ந்தெடுப்பதில் அழகோடு செடியின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் டிகிரிக்குக் கீழே சுட்ட மெருகிடாத சுடுமண் தொட்டி ஈரத்தைத் தன் சுவர் வழியாகவே வெளியேற்றும். சென்னை, புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது பெரிய உதவி. 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேரின் சுவர் ஈரத்தை அவ்வளவாக விடாது. அதில் மண்கலவை இன்னும் கரடாக இருக்க வேண்டும், தண்ணீர் இன்னும் அரிதாக ஊற்ற வேண்டும். எதுவானாலும் அடியில் பெரிய ஓட்டை கட்டாயம். ஓட்டை போட்டால் அழகு கெடும் என்று நினைத்து மூடிய பாத்திரத்தில் கள்ளியை நடுவது அதைக் கொல்வதற்குச் சமம். அரியோகார்ப்பஸ் போன்ற கிழங்கு வேர்ச் செடிக்கு ஆழமான தொட்டி வேண்டும்; உருண்டைக் கள்ளிக்கு அதன் உடலைவிட இரண்டு விரல் அகலம் கூடிய, ஆழம் குறைந்த தொட்டி போதும். மண்ணில் பாதிக்கு மேல் செங்கல் துண்டு, பியூமிஸ், கரடுமணல் என்று தண்ணீர் நிற்காத பொருள்களே இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதமும் கூரைக்கு அடியில் வைப்பது நல்லது. அஸ்ட்ரோஃபைட்டம், ஜிம்னோகாலிசியம், செரியஸ் வகைகள் நம் வெப்பத்தில் நன்றாகவே வளரும். குளிர்ந்த மூடுபனிக்குப் பழகிய கோப்பியாப்போவா நம் சமவெளியின் புழுக்கமான இரவுகளில் தவிக்கும்; அழகுக்காக அதை இங்கே கொண்டுவருவதில் செடியின் நலன் என்ற பார்வையிலும் நியாயம் குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிப்படியாகப் பழக்கி நல்ல வெளிச்சமும், அளவான தண்ணீரும், குறைந்த உரமும் கொடுத்து வளர்த்தால், விதைச் செடியும் சில ஆண்டுகளில் இறுகி, நிறம் முதிர்ந்து, தனக்கென ஒரு முகத்தைப் பெறும். அந்த முகம் இந்த மாடியின் வெயிலும் இந்த ஊரின் காற்றும் எழுதியது. இன்னொரு நாட்டின் மலைச்சரிவிடமிருந்து பறித்தது அல்ல.

இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகளில் வலுவான ஒன்றை முதலில் பார்க்கலாம். காட்டுச் செடியை எடுப்பது எல்லா நேரமும் தவறா? சுரங்கம் வெட்டுகிறார்கள், அணை கட்டுகிறார்கள், சாலை போடுகிறார்கள். மண்வாரி இயந்திரத்தின் அடியில் நசுங்கப்போகும் செடியைத் தொட்டிக்குக் கொண்டுவந்தால் அது மீட்புதானே என்கிறார்கள். உண்மைதான், அப்படிப்பட்ட மீட்பு நடக்கவும் செய்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் கள்ளி ஆர்வலர் சங்கத்தினர் கட்டுமானத்துக்காக அழியவிருக்கும் நிலங்களிலிருந்து உரிமையாளரின் சம்மதத்துடனும் அரிசோனா மாநில அரசின் அனுமதிச் சீட்டுடனும் ஆயிரக்கணக்கான செடிகளைப் பெயர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். மெக்சிகோவின் சான் மிகுவல் தே அயெந்தே நகரின் எல் சார்க்கோ தெல் இன்ஹேனியோ தாவரத் தோட்டமும் அப்படி மீட்ட செடிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. இந்த மீட்புகளில் எந்த நிலத்திலிருந்து, யார் அனுமதியோடு, எப்போது எடுத்தார்கள் என்பதற்குத் தாள் இருக்கிறது. செடிகளும் பெரும்பாலும் அதே வட்டாரத்திலேயே நிற்கின்றன. தாள் இல்லாமல், கடல் கடந்து, இருட்டில் கைமாறி வரும் செடிக்கு 'மீட்டெடுத்தது' என்ற பெயரை விற்பவர் சூட்டினால் அதை நம்ப வேண்டிய கடமை நமக்கு இல்லை. அணை கட்டும் இடத்தில் மட்டுமே கிடைத்ததாகச் சொல்லும் செடி எப்படி ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்?

இதைவிடச் சிக்கலான மறுப்பு சட்டத்தைப் பற்றியது. அருகிவரும் உயிரினங்களின் உலகச் சந்தையைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975-ல் நடைமுறைக்கு வந்தது முதலே ஏறத்தாழ முழுக் கள்ளிக் குடும்பமும் அதன் கண்காணிப்பில் இருக்கிறது. அரியோகார்ப்பஸ் முழுவதும் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. மெக்சிகோவின் சொந்தச் சட்டங்கள் இன்னும் இறுக்கமானவை. விளைவு என்ன என்று கேட்கிறார்கள் ஆர்வலர்கள். விதைகூடச் சட்டப்படி வெளியே வர முடியாததால் கள்ளத்தனமாக வந்தது. அந்தக் கள்ள விதையிலிருந்து ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆயிரக்கணக்கில் பெருக்கிய பிறகுதான் விலை விழுந்து, காட்டின்மேல் இருந்த நெருக்கடி குறைந்தது. ஆகவே கடத்தியவர்களே காப்பாற்றியவர்கள் என்பது அவர்கள் தரப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க நான் தயாராக இல்லை. பெருக்கமே காட்டைக் காக்கிறது என்பதற்கு கேப்புட்-மெடூசே நல்ல சான்று. ஆனால் பெருக்கத்துக்குச் சில விதைகள் போதும். மூட்டை மூட்டையாக முதிய செடிகளைப் பெயர்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஹண்டிங்டன் தாவரத் தோட்டம் நடத்திவரும் பன்னாட்டுச் சதைத்தாவர அறிமுகத் திட்டம், ஆவணப்படுத்திய மூலத்திலிருந்து பெருக்கிய அபூர்வச் செடிகளைப் பல பத்தாண்டுகளாக ஆர்வலர்களுக்கு விற்கிறது. நேர்வழி இருந்தது, இருக்கிறது. அந்த வாதத்தில் விடுபடும் இன்னொரு தரப்பு, செடியின் தாய்நிலத்தில் வாழும் மக்கள். ஒரு செடி ஐரோப்பாவில் பல நூறு யூரோவுக்கு விற்கும்போது அதைத் தோண்டிக் கொடுத்த கிராமத்துக் கூலியாளுக்குக் கிடைத்தது அதில் ஒரு துளி. பண்ணையில் பெருக்கி விற்ற லாபத்தில் அந்த ஊருக்கு எதுவுமே இல்லை. மெக்சிகோவில் 1997 முதல் வனவுயிர் மேலாண்மை அலகுகள் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன்கீழ் நிலத்துக்குரிய சமூகங்களே பதிவு பெற்ற பண்ணை வைத்துக் கள்ளிகளைப் பெருக்கிச் சட்டப்படி விற்க முடியும். தடையை மட்டும் கெட்டிப்படுத்திவிட்டு இப்படிப்பட்ட பண்ணைகளுக்குச் சந்தை கிடைக்காமல் விடுவது அரசுகள் செய்த பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிழைக்கு மாற்று, பெருக்கிய செடியைத் தேடி வாங்கும் கைகள் அதிகமாவதுதான்.

அட்டகாமாவில் நடப்பதற்கும் நம் ஊர் மாடித் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு, இங்கே நர்சரியில் விற்பதெல்லாம் காலிம்பொங்கிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரும் பண்ணைச் செடிகள்தானே என்றும் கேட்கலாம். பெரும்பாலும் அப்படித்தான், நூறு, இருநூறு ரூபாய்க்கு விற்கும் ஒட்டுக் கள்ளியை வாங்குகிறவர் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ரசனை ஓரிடத்தில் நிற்பதில்லை. அது கைப்பேசித் திரையில் பரவுகிறது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில், பாறையிடுக்குகளில் விரல்நுனி அளவில் வளரும் கோனோஃபைட்டம் செடிகளுக்கு 2019-க்குப் பிறகு உலகச் சந்தையில் திடீர் மோகம் கிளம்பியது. அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான செடிகளை அந்நாட்டு அதிகாரிகள் கடத்தல்காரர்களிடமிருந்து கைப்பற்றினார்கள். அதுவரை சில ஆர்வலர்கள் மட்டுமே அறிந்திருந்த செடி அது. வாங்கும் வசதி கூடிக்கொண்டே போகும் இந்திய நடுத்தர வர்க்கம் இந்தச் சந்தைக்கு வெளியே நிற்கும் என்று எண்ண ஆதாரம் இல்லை. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம் சைட்டிஸ் கட்டுப்பாடுகளை நம் உள்நாட்டுச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து கள்ளிப் பொட்டலம் தருவிப்பவர் அதைத் தெரிந்திருக்க வேண்டும். நம் சொந்த நிலத்தையும் மறக்கக் கூடாது. கல்லிமுளையான், கொம்புக்கள்ளி என்று தமிழகக் கரடுகளிலும் பாறைக்காடுகளிலும் சதைப்பற்றுச் செடிகள் பல உண்டு. அவை கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனாலும் உருவ அழகு தேடும் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. நாளை அவற்றின்மேல் மோகம் திரும்பினால் தாங்க நம் கரடுகளில் என்ன காவல் இருக்கிறது?

வாங்குகிறவருக்குச் சில அடையாளங்கள் உதவும். உடலின் ஒரு பக்கம் சாம்பலேறி மறுபக்கம் வேறு நிறமாக இருப்பது, அடிப்பகுதி மரக்கட்டையாக முதிர்ந்திருப்பது, விலங்கு கடித்து ஆறிய தழும்பு, நறுக்கிய தடித்த வேரும் அதில் மெல்லிய வேர்களே இல்லாமையும், ஒரே விற்பனையாளரிடம் ஒரே இனத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத வயதும் வடிவமும் கொண்ட செடிகள் குவிந்திருப்பது ஆகியவை ஐயத்துக்குக் காரணம். இவற்றில் எதுவும் தனியாகத் தீர்ப்பு ஆகாது. கடும் வெளிச்சத்தில் வளர்த்த விதைச் செடியும் முரடாகத் தோன்றலாம். ஆகவே கேட்டுவிடுவதே நேர்வழி. விதைபோட்ட ஆண்டு எது, தாய்ச்செடி யாருடையது, இதே வயதுச் செடிகள் வேறு இருக்கின்றனவா என்று கேட்டால் உண்மையான வளர்ப்பாளர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்; நாற்றுத் தட்டையே எடுத்துக் காட்டுவார். அரசுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. உதகையிலும் சென்னை செம்மொழிப் பூங்காவிலும் தோட்டக்கலைத் துறை நடத்தும் மலர்க் கண்காட்சிகளுக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள்; எது அழகு என்பதை அங்கே கற்றுக்கொள்கிறார்கள். கண்காட்சிகளிலும் தோட்டக்கலைச் சங்கங்களின் போட்டிகளிலும் காட்சிக்கு வரும் ஒவ்வொரு கள்ளியின் அருகிலும் பெயரோடு சேர்த்து, விதையா, வெட்டுத் தண்டா, ஒட்டா, எந்த ஆண்டு, யார் பெருக்கியது என்று எழுதிய அட்டை இருக்க வேண்டும் என்று துறை விதி வகுக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம். பரிசுக்குரிய மதிப்பெண்ணில் ஒரு பங்கை விதையிலிருந்து தானே வளர்த்தவருக்கென்று ஒதுக்கி, தொட்டியை வனைந்த குயவரின் பெயரையும் அதே அட்டையில் எழுதச் சொல்லலாம். அடுத்த கோடைக் கண்காட்சியிலேயே இதைத் தொடங்கிவிட முடியும்.